முதல் அரியர் வரும்போது வீட்டில் என்ன சொல்வீர்கள்?

பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. செமஸ்டர் பாதியைத் தாண்டியதும், அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பலர் கேட்பது ஒன்றைத்தான்: "இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" பாடம் புரியாதது ஒரு கஷ்டம். அதை வீட்டில் சொல்ல முடியாதது அதைவிடப் பெரிய கஷ்டம்.

பிளஸ் டூவில் 560, 570 என்று வாங்கிய பிள்ளை முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் இடைத்தேர்வில், தோற்பது பெற்றோருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. "போன் வந்ததும் கெட்டுப்போய்விட்டான்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுப்பிவிட ஆள் உண்டு, ஸ்டடியில் உட்காரவைக்க ஆள் உண்டு, தினமும் ஒரு தேர்வு உண்டு. அவனுடைய நேரத்தை இரண்டு வருடம் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். கல்லூரி ஹாஸ்டலில் மாலை நான்கரைக்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. தன் நேரத்தைத் தானே வைத்து நடத்த அவன் இப்போதுதான் பழகுகிறான். அதற்கு ஒரு செமஸ்டராவது பிடிக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டினால் பழகுவதும் நின்றுபோகும்.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளின் பாடு வேறு. அப்படி வந்த ஒரு மாணவியின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். பலகையில் இருந்த கணக்குகள் அத்தனையும் அழகான கையெழுத்தில் இருந்தன. ஆசிரியர் வாயால் சொன்ன விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலத்தில் கேட்டதைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடுகிறது. எழுந்து கேட்கக் கூச்சம். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான் என்பதால் விடுமுறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வீட்டில் ஆள் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் பெற்றோர் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. "புரியாததை யாரிடம் கேட்கிறாய்?" என்று மட்டும் கேட்டால் போதும். "யாரிடமும் இல்லை" என்று பதில் வந்தால், வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் (கிளாஸ் அட்வைசர்) போய்ச் சொல்லும்படி அன்றே தைரியம் கொடுங்கள்.

என் மனத்தை விட்டு நீங்காத ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வருகைப் பதிவு குறைந்தால் கல்லூரியிலிருந்து பெற்றோருக்குக் குறுஞ்செய்தி போகும். ஒரு மாணவன் அப்பாவின் எண் என்று நண்பனின் எண்ணைக் கொடுத்திருந்தான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை சலுகை உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். அவன் அந்த நிலைக்குப் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அவனுடைய அம்மா தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தவறாமல் பேசியவர். "சாப்பிட்டாயா சாமி? நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பார். இவன் "ம்" என்பான். "உன் பீஸுக்குத்தான் நகையை அடகு வைத்திருக்கிறோம், மறந்துவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார். பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்று பாசத்தோடு சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் அதைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளை "எனக்கு வகுப்புக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்று சொல்லும்?

ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் அன்றே சொல்லிவிடுங்கள்: "முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தாலும் விழும். விழுந்தால் முதலில் எங்களிடம் சொல். திட்ட மாட்டோம்." சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். விழுந்த பாடத்தை அடுத்த செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுதிவிடலாம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பலவும் அப்போது நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று கேட்பது உண்மைதான். அதனால்தான் மறைக்காமல் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

போனில் பேசும்போது "ம்" என்று முடிக்க முடியாத கேள்வியாகக் கேளுங்கள். "இன்று மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்ற கேள்வியில் பல விஷயங்கள் தெரிந்துவிடும். இரண்டு மாதம் ஆகியும் தனியாகத்தான் சாப்பிடுகிறான் என்றால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது கல்லூரியில் பதிவாகியிருப்பது உங்கள் எண்தானா என்றும் பார்த்துவிடுங்கள். அதற்காக வாரம் ஒருமுறை துறைத் தலைவரை அழைத்து விசாரிக்க வேண்டாம். நண்பர்கள் முன்னால் பிள்ளை கூனிக் குறுகிப்போகும்.

பிள்ளையின் பயத்துக்குக் காரணம் ராகிங் என்றால், அது தமிழ்நாட்டில் 1997 முதல் சட்டப்படி குற்றம். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் பெற்றோரே புகார் செய்யலாம்.

முதல் இரண்டு மாதம் வாராவாரம் ஊருக்கு ஓடி வரும் பிள்ளையைக் கண்டு நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. தீபாவளிக்குக்கூட வர மறுக்கும் பிள்ளை, இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் தூங்கும் பிள்ளை, "நான் இருந்து என்ன பயன்" என்று ஒரு தடவையாவது சொன்ன பிள்ளை, இவர்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். அந்தச் சொல்லை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் அப்பாவோ அம்மாவோ அதே எண்ணில் பேசி வழி கேட்கலாம்.