ஸ்க்ரூட்டினி: கண்காணிப்பா, நுண்ணாய்வா?

தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்றால் தேயிலைத் தோட்டம். எடின்பரோவில் ஹோலிரூட் என்றால் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இருக்கிற இடம். போன வாரம் என் தங்கச்சி மகன், உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவன், அந்தப் பாராளுமன்றத்தைப் பற்றி ஒரு குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான். "அரசாங்கத்தின் கொள்கைகளை விவாதிப்பதும் கண்காணிப்பதும் அதன் வேலை" என்று இருந்தது. கண்காணிப்பு என்று அவன் போட்ட இடத்தில் ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ஸ்க்ரூட்டினி. "சரிதானே மாமா?" என்றான். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பாராளுமன்றத்தை முதலில் புரிந்துகொள்வோம். 1997இல் ஸ்கொட்லாந்து மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, 1998இல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டது, 1999இல் 129 உறுப்பினர்களோடு சபை கூடியது. இப்படி அதிகாரம் இறங்கி வருவதை டிவலூஷன் என்கிறார்கள், லத்தீன் வேரில் அதற்குக் கீழே உருட்டிவிடுதல் என்று பொருள். நாம் அதிகாரப் பகிர்வு என்கிறோம். பகிர்வு என்றதும் அண்ணன் தம்பி சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது போல ஒரு நினைப்பு வரும், ஆனால் உருட்டிவிட்டவர் இன்னும் மேலேதான் நிற்கிறார். இருந்தாலும் அந்தச் சொல் ஊன்றிவிட்டது, அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை ஸ்க்ரூட்டினியோடுதான்.

லத்தீனில் ஸ்க்ரூத்தாரி என்றால் துருவித் தேடுதல். அது ஸ்க்ரூத்தா, அதாவது கந்தல், குப்பை என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. குப்பைக்குள் கைவிட்டுக் கிளறி, ஏதாவது பயன்படுவது கிடக்கிறதா என்று பார்க்கிறவனின் வேலை. அப்புறம் அந்தச் சொல்லுக்கு வாக்கெடுப்பு என்ற பொருளும் வந்தது. பாப்பரசரைத் தெரிவுசெய்ய கர்தினால்மார் வாக்குப் போடுகிற முறைக்கு அந்தப் பெயர்தான், பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் வாக்கெடுப்பை ஸ்க்ருத்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது நம்முடைய தேர்தல் என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதற்கு வாக்குப் போடுகிற நாள் என்று மட்டும்தான் பொருள். பழைய தமிழில் தேர்தல் என்றால் ஆராய்தல். 541ஆவது குறள் இப்படிப் போகிறது:

ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை.

குற்றத்தை ஆராய்ந்து, யாருக்கும் முகம் பார்க்காமல், நடுநிலையில் நின்று, தீர விசாரித்துச் செய்வதுதான் நீதி. அங்கே 'தேர்ந்து' என்று வருவது அசல் ஸ்க்ரூட்டினி. அவர்கள் சொல் ஆராய்ச்சியிலிருந்து வாக்குப் பெட்டிக்குப் போய்த் திரும்ப ஆராய்ச்சிக்கே வந்துவிட்டது. நம் சொல் வாக்குப் பெட்டிக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. இதை முதன்முதல் கவனித்த நாளில் எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது, ஏனென்றால் நம் ஊரில் சொல்லுக்கு நடந்ததுதான் சபைக்கும் நடந்தது, வாக்குப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

சரி, கண்காணிப்பு ஏன் பொருந்தாது? மலையகத்தில் இருக்கிற யாருக்கும் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கண்காணி என்ற சொல்தான் நம் வாயில், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி ஆனது. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிற பழைய, நல்ல சொல்தான் அது. ஆனால் நமக்கு அந்தப் பார்வை மேலேயிருந்து கீழே வருகிற பார்வை. நிரையில் நிற்கிற பெண்ணின் கை எவ்வளவு வேகமாகப் போகிறது, கூடையில் முத்தல் இலை விழுகிறதா என்று நின்று பார்ப்பது. பார்க்கிறவர் கேள்வி கேட்பார், அவரை யாரும் கேட்க முடியாது.

எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிற்பேன். நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லிக் கிலோ கழிப்பார்கள், மழை நாளில் இன்னும் அதிகமாகக் கழியும். ஒருநாள் நல்ல வெயில், அன்றைக்கும் அதே கழிவு. அம்மா தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "ஐயா, இன்னைக்கு மழையே இல்லையே, ரெண்டு கிலோ எதுக்குக் கழிச்சீங்க?" என்று கேட்டார். கணக்கப்பிள்ளை பதில் சொல்லாமல் அடுத்த சாக்கைத் தூக்கச் சொன்னார். அம்மா நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண்களும் நகரவில்லை. கடைசியில் அவர் எழுதியதை வெட்டி, ஒரு கிலோவைத் திருப்பிப் போட்டார்.

அதுதான் ஸ்க்ரூட்டினி. கணக்கு எழுதுகிறவரிடமே கணக்குக் கேட்டு, பதில் வரும்வரை நகராமல் நிற்பது. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில் மேல்சபை கிடையாது, அதனால் இந்த வேலையின் பெரும்பாரம் குழுக்களின் தலையில். ஒரு சட்டமூலம் வந்தால் பொறுப்பான குழு முதலில் அதன் அடிப்படை நோக்கத்தை ஆராயும், அமைச்சரைக் கூப்பிடும், அந்தச் சட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்கும், பிறகுதான் திருத்தங்கள் ஒவ்வொன்றாக வரும். முதலமைச்சர் வியாழக்கிழமை சபையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தனியாள் ஒருவர் கூட மனு கொடுக்கலாம்.

இதற்குத் தமிழில் பரிசீலனை என்று போடுகிறவர்கள் உண்டு. "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று கடிதம் வாங்கியவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல்லில் இப்போது உயிர் இல்லை. நம் பாராளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழு என்கிறார்கள், அதிலும் மேலிருந்து பார்க்கிற வாடை. நான் நுண்ணாய்வு என்று எழுதுவேன். வினையாக வேண்டுமென்றால் துருவி ஆராய்தல், அதில் லத்தீன் வேரின் கிளறலும் இருக்கிறது. மருமகனின் வாக்கியத்தை "அரசாங்கத்தின் கொள்கைகளை விவாதிப்பதும் துருவி ஆராய்வதும் அதன் வேலை" என்று திருத்திக் கொடுத்தேன்.

அவன் விடவில்லை. "நம்ம மாகாண சபையில யார் மாமா இதைச் செய்றது?" என்றான். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைச் சட்டமும் 1987இல் வந்தவை, 1988இல் தேர்தல் நடந்தது, ஸ்கொட்லாந்துக்குப் பதினொரு வருடம் முன்னமே நமக்குச் சபை. தோட்டப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மாகாணத்தின் கீழ்தான் இருக்கின்றன. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது, 2018இல் காலம் முடிந்து சபை கலைந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான் நடத்துகிறார், கேள்வி கேட்கிற நாற்காலிகள் பல்லேகலையில் இருக்கிற சபைக் கட்டடத்தில் வெறுமனே கிடக்கின்றன. அவனுக்கு அதைத்தான் சொன்னேன். குறிப்பின் கீழே அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டான்.