வார்டு: சொல்லும் காவலும்

மழைக்காலத்தில் சென்னையில் அடிக்கடி காதில் விழும் பதில்: "அது நம்ம வார்டு இல்லீங்க." தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு. தேங்கிய தண்ணீர் இரண்டிலும் நிற்கும்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இந்தச் சொல்லின் பழைய பொருள் காவல். லண்டனில் இரவுக் காவலுக்கு ஆள் போடுவது அந்தந்த வார்டின் பொறுப்பாக இருந்தது. வார்டன், செக்யூரிட்டி கார்டில் வரும் 'கார்டு', ஆஸ்பத்திரி வார்டு எல்லாம் ஒரே வேர்தான்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியது. 2011இல் எல்லை விரிந்து 155 வார்டுகள் 200 ஆயின. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில்தான். அதுவரை வார்டுக்கு எண் இருந்தது, கவுன்சிலர் இல்லை. குப்பை அள்ளவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வட்டம்' என்பார்கள். கட்சிகளில் வட்டச் செயலாளர் என்பது அன்றாடப் புழக்கம். ஆனால் வருவாய்த் துறையில் வட்டம் என்றால் தாலுகா, வட்டாட்சியர் என்றால் தாசில்தார். வட்ட அலுவலகம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் தாலுகா ஆபீஸில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: குடும்பு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஊரை முப்பது குடும்பாகப் பிரிக்கின்றன. ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, குடும்புவாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. இது பிராமணர் சபை, சொத்தும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு விதி இன்றைக்கும் சுடுகிறது.

பொருளில் வார்டுக்கு மிக நெருங்கியது குடும்புதான். ஆனால் '120ஆம் குடும்பு' என்று போர்டு வைத்தால், கவுன்சிலரின் குடும்பத்தைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று தெருவே சிரிக்கும். எழுத்தில் 'மாநகராட்சி வட்டம்' என்று சேர்த்தே எழுதலாம், தாலுகாவோடு குழம்பாது. கவுன்சிலருக்கு 'மாமன்ற உறுப்பினர்' ஏற்கெனவே இருக்கிறது. பேச்சில் வார்டே இருக்கட்டும்.