திரை இருண்டால் மானிட்டர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் மானிட்டர்கள் வந்துகொண்டே இருக்கும். "தம்பி, இது செத்துப்போச்சு. புதுசு என்ன விலை?" என்று கேட்டபடியே மேசையில் வைப்பார்கள். வீட்டில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் பிள்ளை காத்திருக்கும், அந்த அவசரம். ஆனால் அப்படி வருவதில் பல பழுதே ஆகாதவை. செம்பனைக் காட்டில் உழைத்துச் சேர்த்த வெள்ளிக் காசை அவசரப்பட்டுக் கொட்டவேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பவர் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையா? சிபியுவுக்குப் போகும் பவர் கேபிளைக் கழற்றி மானிட்டரில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிதான். நம் ஊர் மூன்று கால் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது போயிருந்தாலும் மானிட்டர் உயிரில்லாமல்தான் கிடக்கும். தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால், கையில் கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். சில மானிட்டருக்கு 12 வோல்ட், சிலவற்றுக்கு 19 வோல்ட். வோல்ட்டும் பிளஸ் மைனஸ் திசையும் அப்படியே பொருந்தவேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம்.

விளக்கு எரிகிறது, படம் இல்லை. அப்போது சிக்னல் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கள். 'நோ சிக்னல்' மாதிரி ஏதாவது எழுத்து வந்தால் சரி, திரையும் உள்விளக்கும் பவரும் வேலை செய்கின்றன. கோளாறு கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள், அதுவும் அடிக்கடி பார்க்கிற சங்கதி.

படம் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் நிறம் சரியாக இருந்தால் மானிட்டர் நலம். பழைய விஜிஏ கேபிளில் 15 பின்களில் முதல் மூன்றுதான் சிவப்பு, பச்சை, நீலம். அதில் ஒன்று வளைந்தாலே படம் நிறம் மாறிவிடும்.

இனி, உண்மையிலேயே உள்ளே கோளாறான மானிட்டர். படம் ஒரு நொடி வந்து உடனே இருண்டுவிடும். இருட்டிய அறையில் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். டெஸ்க்டாப் படங்கள் நிழல் மாதிரி மங்கலாகத் தெரிந்தால் திரை உயிரோடுதான் இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. பவர் விளக்கு விட்டு விட்டு மின்னினாலோ, போட்டதும் வராமல் சூடான பிறகு வந்தாலோ, எனக்கு முதல் சந்தேகம் பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் மேல்தான், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளைகள் அவை. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். கெட்டது புடைத்திருக்கும். சிலவற்றில் தலையின் வெட்டுக்கோடு பிளந்து, பழுப்பு நிறத்தில் பிசுக்கு வெளியே வந்து காய்ந்திருக்கும். தலை தட்டையாகவே இருந்து உள்ளே கெட்டுப்போனவையும் உண்டு, அதற்கு மீட்டர் வேண்டும். மாற்றும்போது அதே மைக்ரோ ஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும், உள் மின்தடை குறைந்த லோ ஈஎஸ்ஆர் வகையாகப் போடவேண்டும். பொருளின் விலை சொற்பம், கூலிதான் கொஞ்சம் ஆகும்.

ஆனால் யூடியூப் பார்த்துவிட்டு நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நம் வீட்டுக்கு வரும் 230, 240 வோல்ட், பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 320, 340 வோல்ட் நேர்மின்சாரமாக ஏறி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்வது கையையும் போர்டையும் சேர்த்துக் கெடுக்கும். பழகியவர்கள் ரெசிஸ்டர் வைத்து மெதுவாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் தொடுவார்கள். பின்பக்கம் புடைத்த பழைய குழாய் மானிட்டர் இன்னும் ஆபத்து, அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

இங்கே பவர் போர்டு போவதற்கு இன்னொரு பெரிய காரணம் இடி மின்னல். ஏப்ரல், அக்டோபர் வாக்கில் மத்தியானம் தாண்டினால் வானம் இருட்டிக்கொண்டு வரும். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மின்னலுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பிளக்கையே பிடுங்குங்கள், மோடத்துக்கு வரும் கம்பியையும் சேர்த்து. இதை மழை வருவதற்கு முன்பே செய்யுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடப் போகாதீர்கள்.

திரை உடைந்திருந்தாலும், மேலிருந்து கீழாக நிறக்கோடுகள் நிலையாக நின்றாலும் செலவு செய்யாதீர்கள். கேபிளை மாற்றியும் கோடு போகவில்லை என்றால் அது பேனல் கோளாறு. பேனல் விலைக்கு வேறு மானிட்டரே வாங்கிவிடலாம். அதற்காகக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். பழைய எல்சிடி மானிட்டரின் குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தானவை என்று பட்டியலிட்ட கழிவு) விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனிப் பிரிவே உண்டு. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் எரித்தால் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அங்கே விளையாடும் பிள்ளைகள். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். பவர் போர்டு நன்றாக இருந்தால் இன்னொரு வீட்டு மானிட்டருக்கு உதவும், மீதியை மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடலாம்.