முதல் அடியில் குத்தும் வலி: குதிகாலும் செருப்பும்

செட்டிநாட்டு வீடுகளில் செருப்பு முகப்பைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வளவிலும் பட்டாலையிலும் அடுப்படியிலும் வெறுங்காலோடுதான் நடமாட்டம். காலுக்கு அடியில் ஆத்தங்குடிக் கல். சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படும் அந்தக் கல், வழவழப்பாலும் குளிர்ச்சியாலும் இதமாகத் தோன்றினாலும், மிதிக்கையில் இம்மியும் அமுங்குவதில்லை. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் நின்று சமைத்த ஆச்சிமார் பலர், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் இருக்கிறது என்பார்கள். பத்தடி நடந்ததும் வலி தணிந்துவிடுவதால், அது மாதக்கணக்கில் மருத்துவரின் காதுக்கே போவதில்லை.

நம் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை நடுவில் வளைந்து நிற்க, குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு வலிய திசுப்பட்டை, வில்லுக்கு நாண்போல, இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இது செயல்படும் விதத்தை 1954இல் ஜே.எச். ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார். கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதைப்போல, விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்தப் பட்டை விரலடி மூட்டைச் சுற்றி இழுபட, உள்வளைவு உயர்ந்து, பாதம் உந்தித் தள்ளும் நெம்புகோலாக இறுகுகிறது. நாற்காலியில் அமர்ந்து பெருவிரலைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் அந்த நாண் புடைப்பதைத் தொட்டே உணரலாம்.

ஒவ்வோர் அடியிலும் இழுபடும் இந்தப் பட்டைக்கு, நெடுநேர நிற்றலும் கூடுதல் உடல் எடையும் இறுகிய கெண்டைக்கால் தசையும் சுமையைக் கூட்டுகின்றன. குதிகாலோடு அது ஒட்டும் இடத்தில் நுண்ணிய சிதைவுகள் தோன்றுகின்றன. உறங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கிறது. விடிந்ததும் வைக்கும் முதல் அடி அதைச் சட்டென இழுத்துவிடுகிறது. வலி நாட்பட்டால், அங்கே வெறும் வீக்கத்தைவிட நார்களின் சீர்கேடே மிகுதியாகக் காணப்படுகிறது. வலி மாத்திரை அந்தச் சீர்கேட்டைச் சரிசெய்வதில்லை என்பதால்தான், தொடக்கத்திலேயே சுமையைக் குறைப்பது முக்கியமாகிறது. (குதிகால் எலும்பில் முள்போல் வளர்ந்து எக்ஸ்ரேயில் தெரியும் குதிமுள்ளைக் கண்டு அஞ்ச வேண்டாம், வலியே இல்லாத பலரின் காலிலும் அது உண்டு.)

செருப்பு அந்தச் சுமையை மூன்று வழிகளில் குறைக்கிறது. உள்வளைவின் கீழே தாங்கும் மேடு எடையில் ஒரு பங்கை ஏற்பதால், நாணின் இழுவிசை தளர்கிறது. சற்றே உயர்ந்த குதிப்பகுதி, கெண்டைக்கால் தசையின் இழுப்பைத் தணிக்கிறது. எளிதில் வளையாத அடிப்பகுதி, விரல்கள் அளவுக்கு மேல் மடங்குவதைத் தடுக்கிறது. கடையில் மிதித்ததும் பஞ்சுபோல் அமுங்கும் செருப்பைப் பலர் நல்லதென்று வாங்குகிறார்கள். மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. செருப்பைக் கையில் எடுத்து மடக்கினால் அது விரலடியில்தான் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தாலோ ஈரத்துண்டுபோல் முறுக்க வந்தாலோ விட்டுவிடலாம். குதிகாலைப் பின்னால் பிடிக்கும் வார் இருந்தால், செருப்பு கழன்றுவிடாதிருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிப் பிடிக்கும் வேலை மிச்சம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமே அளவு பார்க்க ஏற்றது.

வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். வெளியே போகாத, கழுவி வைத்த ஒரு ஜோடியை அடுப்படிக்கென்றே ஒதுக்கிவிட்டு, சாமி வீட்டுக்குள் மட்டும் கழற்றிவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பு வருவதில்லை. கூடவே, எழும் முன் படுக்கையிலேயே விரல்களைப் பின்னுக்கு இழுத்து நீட்சிப் பயிற்சி செய்தால், முதல் அடியின் குத்தல் குறையும். இத்தகைய எளிய முறைகளிலேயே பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் வலி நீங்கிவிடுகிறது.

சர்க்கரை நோயாளிகளின் நிலை இதற்கு நேர்மாறு. நரம்புகள் மரத்துப்போன பாதம் வலியையே சொல்லாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கும் யாத்திரையில், தார்ச்சாலையின் சூடும் தைத்த முள்ளும் தெரியாமலே கொப்புளம் புண்ணாகிவிடக்கூடும். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்குத் தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கப்படும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு இவர்களுக்கும் பொருந்தும். அதன் நுண்துளை ரப்பர் ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்புகிறது. நடைப்பயணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே பாதத்தின் உணர்வை மருத்துவரிடம் சோதித்துக்கொள்வதும், இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் அவர்களுக்குக் கட்டாயம்.