ஒயில் சீலை மாற்றும் முன் எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள்

சென்ற மாரிக்கு முன் கிண்ணியாவில் இருந்து ஒரு நானா தன் டீசல் வானை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. வேறோர் இடத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை கியர்பெட்டியை இறக்கி, எஞ்சினின் பின்பக்கத்தில் ஒயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஒயில் சீலை மாற்றியிருக்கிறார்கள். "தம்பி, மூன்றாவது சீலையாவது நல்லதாகப் போடுங்கள்" என்றார். நான் கியர்பெட்டியில் கை வைக்கவில்லை. எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரில் இருந்து காற்று உறிஞ்சும் குழாய்க்குப் போகிற ரப்பர்க் குழாயை, அதாவது மூச்சுக்குழாயைக் கழற்றினேன். உள்ளே கறுப்புக் களி. ஓர் ஈர்க்குக்கூட நுழையாது. குழாயை மாற்றி, கவருக்குள் இருந்த வழியையும் துப்புரவாக்கினோம். இன்றுவரை அதே சீல்தான், சொட்டவில்லை.

அந்த மனிதர் இரண்டு தடவை கொடுத்த கூலியை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிஸ்டனைச் சுற்றி வாயுவைத் தடுக்கும் றிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும், எரிந்த வாயு சிறிதளவு அதைக் கடந்து கீழே கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். நீராவி, எரியாத எரிபொருள், ஒயிலைக் கெடுக்கும் அமில வாயுக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கே தெறிக்கும் ஒயிலின் நுண்துளிகளும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தச் சீல், மூடிகளின் இடையே வைக்கும் எந்தக் கெஸ்கெட் பலவீனமோ அதன் வழியே ஒயிலைத் தள்ளும். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் தானாக மேலே கிளம்பி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் நேரே வீதியில் விட்டது. அது நகரக் காற்றைக் கெடுக்கிறது என்று தெரிந்தபின், 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தொடங்கி, வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்கும் முறை வந்தது. பெற்றோல் எஞ்சினில் அந்த வேலையைச் செய்வது விரல் அளவேயான பி.சி.வி. வால்வு. எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சல் பலமாக இருக்கும். அப்போது வால்வு வழியைக் குறுக்கிக்கொள்ளும். வேகம் எடுத்து வாயு கூடும்போது வழியை அகலமாக்கும். காற்று வடிகட்டிப் பக்கத்தில் இருந்து இன்னொரு குழாய் சுத்தமான காற்றை உள்ளே கொடுக்கும். உள்ளே காற்று, வெளியே அழுக்கு வாயு. உண்மையில் இது ஒரு மூச்சுதான்.

இந்த வால்வு அடைத்தால் ஒயில் கசியும், சில வேளை நீலப் புகை வரும். திறந்தபடியே இறுகினால் எஞ்சின் சும்மா ஓடும்போது நடுங்கும். உவர்மலையில் இருந்து பாடசாலைக்கும் சந்தைக்குமாகக் குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் இது சீக்கிரம் அடைக்கிறது, ஏனென்றால் ஒயில் நன்றாகச் சூடேறி நீரை ஆவியாக்க நேரம் கிடைப்பதில்லை. குளிர்ந்திருக்கும்போது வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். பெரும்பாலான வால்வுகளில் உள்ளே 'கடகட' என்று கேட்க வேண்டும். குழாயோடு சேர்த்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் தெரிய வேண்டும். ஐந்து நிமிட வேலை.

இனி, பலர் கேட்கும் கேட்ச் கேன். மூச்சுக்குழாயின் நடுவே ஒரு டப்பாவைப் பொருத்துகிறோம். வாயு அதற்குள் வேகம் குறைந்து, ஆறி, தடுப்புத் தகடுகளிலும் கம்பி வலையிலும் மோதும்போது நுண்துளிகள் ஒன்றுசேர்ந்து கீழே வடிகின்றன. ஒயில் குறைந்த வாயு எஞ்சினுக்குப் போகிறது. வலை இல்லாத வெறும் டப்பாக்களும் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் மெல்லிய பனி போன்ற ஒயில் நிற்காமல் நேரே கடந்துவிடும்.

எல்லா வண்டிக்கும் இது தேவையில்லை. உள்வாங்கு குழாயில் பெற்றோலைத் தெளிக்கும் சாதாரண எஞ்சினில், பெற்றோலே சிலிண்டருக்குக் காற்றை விடும் உள்வாங்கு வால்வுகளைக் கழுவிவிடும். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சினில் அந்தக் கழுவல் இல்லை; ஒயில் உள்வாங்கு வால்வில் கரியாகப் படிகிறது. டர்போ டீசலில், திரும்ப அனுப்பப்படும் புகையின் கரியும் இந்த ஒயிலும் சேர்ந்து உள்வாங்கு குழாயைத் தார் பூசியதுபோல் குறுக்குகின்றன. இந்த இரண்டுக்கும் நல்ல கேட்ச் கேன் பயன் தரும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, இருப்பதையே ஆண்டுக்கணக்காக ஓட்டிவந்தோம். ஆகவே இந்த அக்கறை நியாயமானதே.

ஆனால் பொருத்திவிட்டு மறக்காதீர்கள். நிரம்பிய டப்பா ஒயிலை மொத்தமாக எஞ்சினுக்குள் ஊற்றிவிடலாம். டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் உச்ச வேகத்தில் ஓடி உடைந்துபோகும். தண்ணீர்க் குழாயைக் கொண்டு பொருத்தாதீர்கள். ஒயில் பட்டு ஊதி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். மூச்சைத் திறந்த வெளியில் விடும்படியும் கேட்காதீர்கள். அந்த நாற்றம் காருக்குள் உங்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வரும். டப்பாவில் சேர்வது நீரும் எரிபொருளும் கலந்த கழிவு. அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றவும் கூடாது, வாய்க்காலில் ஊற்றவும் கூடாது. நம் வாய்க்கால்கள் கடலில்தான் முடிகின்றன. பழைய ஒயில் சேர்க்கும் பீப்பாவில் ஊற்றுங்கள்.

உப்புவெளியில் ஒரு தம்பி, டப்பா ஒரே வாரத்தில் நிரம்புகிறது, இன்னும் பெரியதாகப் போடலாமா என்று கேட்டார். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று கொம்பிரஷன் பார்த்தோம், மூன்றாவது சிலிண்டர் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. றிங் தேய்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய டப்பாவும் மருந்தாகாது என்று சொன்னேன். றிங் வேலைக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அதுவரை ஞாயிறுதோறும் டப்பாவை வடித்து, அளவைக் கொப்பியில் எழுதிவருகிறார்.