கரண்ட் போனால் போனும் போவது ஏன்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2012-ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், அப்போதுகூட வீட்டு லேண்ட்லைன் நிற்கவில்லை. இப்போது அதே நம்பர், அதே போன், லைன் மட்டும் ஃபைபர். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்டை நிறுத்தினால் அந்த நொடியே டயல் டோன் போய்விடுகிறது. இதுதான் முன்னேற்றமா?"

நியாயமான கோபம். பழைய போன் உங்கள் வீட்டுக் கரண்டைத் தொட்டதே இல்லை என்பதுதான் விஷயம். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த ஒரு ஜோடிச் செம்புக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரிக்கென்றே ஒரு அறை இருக்கும்: 2 வோல்ட் லெட்-ஆசிட் செல்கள் 24, வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். கரண்ட் இருக்கும்வரை சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், போனால் பேட்டரி தாங்கும், அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள். ரிசீவர் கீழே இருக்கும்வரை சர்க்யூட் திறந்தே இருப்பதால் கரண்ட் ஓடாது. எடுத்ததும் கொக்கி எழும்பி சர்க்யூட் மூட, சில பத்து மில்லிஆம்பியர் ஓடும், அதை வைத்தே எக்ஸ்சேஞ்ச் 'எடுத்துவிட்டார்கள்' என்று தெரிந்துகொண்டு டயல் டோன் கொடுக்கும். ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே பேட்டரி வரிசை தாங்கியதன் ரகசியம் இதுதான்: பேசாத போன் எதையும் தின்பதில்லை. மணி அடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் ஏசி அனுப்புவார்கள். அந்த நேரம் பார்த்துக் கம்பியைத் தொட்ட லைன்மேனைக் கேட்டால் சுரீர் என்றால் என்ன என்று சொல்வார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 48 வோல்ட் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் மைனஸ். ஆமாம், எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது மைனஸ் 48 வோல்ட். பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பூமியோடு கட்டிவிட்டு, நெகட்டிவை லைனுக்கு அனுப்புகிறார்கள். காரில் பைக்கில் எல்லாம் நெகட்டிவ்தானே பாடியோடு இருக்கும், இங்கே மட்டும் ஏன் தலைகீழ்? கேபிள் மண்ணுக்குள் போகிறது, ஐப்பசி மழையில் ஜாயின்ட் குழிகளில் தண்ணீர் நிற்கிறது, உறையில் எங்காவது ஒரு சின்ன விரிசல் இருந்தால் ஈரம் செம்பைத் தொட்டுவிடும். அப்போது கம்பி பாசிட்டிவாகவும் சுற்றியுள்ள மண் நெகட்டிவாகவும் இருந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்பு அப்படியே நடக்கும்: செம்பு அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனிகளாகத் தண்ணீரில் கரைந்து வெளியேறும், நாள்போக்கில் கம்பியே அரித்து அறுந்துவிடும். கம்பியை நெகட்டிவாக வைத்தால் எலக்ட்ரான்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன, செம்பு கரைவதற்கு வழியில்லை. லைன் ஈரமானால் காதில் கரகரவென்று கேட்கும், ஆனால் கம்பி பிழைத்துக்கொள்ளும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிக் கிடக்கிறதே, உப்பு நீர் மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், ஆக நம் பக்கத்துக்கு இந்த மைனஸ் இரட்டை உபயோகம்.

அரிப்பு, பேட்டரி போன்ற மின்வேதியியல் விஷயங்களை ஆராய்வதற்கென்றே 1948-ல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. ராக்கெட் பறந்தால் ஊரே கைதட்டுகிறது, கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால் யாருக்கும் தெரிவதே இல்லை. இந்த மாதிரி வேலைக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

சரி, ஃபைபருக்கு வருவோம். அது கண்ணாடி. ஒளி போகும், கரண்ட் போகாது. எக்ஸ்சேஞ்ச் நினைத்தாலும் அதன் வழியாக உங்கள் போனுக்கு மின்சாரம் அனுப்ப முடியாது. அதனால் சுவரில் மாட்டிய அந்த மோடம், அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு, தனக்குள்ளேயே அந்த மைனஸ் 48 வோல்ட்டையும் மணிக்கான வோல்ட்டேஜையும் தயாரித்து உங்கள் பழைய போனுக்குக் கொடுக்கிறது. ஒரு குட்டி எக்ஸ்சேஞ்சே வீட்டுக்குள் வந்துவிட்டது, பேட்டரி அறை மட்டும் கூட வரவில்லை. பெரும்பாலான மோடங்கள் அணைவதற்கு முன், உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டத்தில் 'எனக்குக் கரண்ட் போச்சு' என்று எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணைகின்றன. ஃபைபர் அறுந்ததா, கரண்ட் போனதா என்று அங்கே பிரித்துத் தெரிய வேண்டுமே.

நல்ல செய்தி என்னவென்றால் எக்ஸ்சேஞ்சில் இன்றும் பேட்டரி உண்டு, வழியில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. உங்கள் மோடத்துக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மோடம் சொருகியிருக்கும் பிளக் பாயிண்ட் அந்த லைனில் இருக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் ஃபேன், லைட் மட்டும்தான் இன்வெர்ட்டரில் இருக்கும், ஹால் பிளக் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் சின்ன வேலைதான். கரண்ட் மாறும் கணத்தில் மோடம் அணைந்து மறுபடி எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்னால், இன்னும் வேகமாக பேட்டரிக்கு மாறும் யுபிஎஸ் மோடுக்கு ஸ்விட்ச் இருக்கிறதா தேடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் சொன்னதை நம்பி அல்ல. 30 வாட்-அவர் கொள்ளளவு இருந்தால், 8 வாட் தின்னும் மோடம், வழியில் வீணாவது போக, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். மோடமும் வைஃபை ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால், போனுக்கு மோடம் மட்டும் போதும். கார்ட்லெஸ் போன் வேண்டாம், அதன் அடித்தட்டுக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும்.

இடி இடிக்கும்போது மொபைலை எடுத்தால் மின்னல் இழுக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது கதை. செம்புக் கம்பியில் தொங்கும் போனைத்தான் அப்போது எடுக்கக்கூடாது, அதில் உண்மையிலேயே ஆபத்து உண்டு.

இவ்வளவு செய்தும் போன் வரவில்லையென்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். பான் (PON) என்று போட்டிருக்கும் விளக்கு பச்சையாக நின்றால் லைன் வந்திருக்கிறது, கோளாறு போனிலோ வயரிலோ இருக்கலாம். எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் எதிர்முனையிலிருந்து ஒளியே வரவில்லை: ஒன்று ஃபைபர் அறுந்திருக்கிறது, இல்லை உங்கள் தெருவில் எங்கோ கரண்டில் ஓடும் ஒரு பெட்டி இருந்து அதற்கு பேக்கப் இல்லை. இது சில உள்ளூர் இணைப்புகளில் சகஜம். அதற்கு உங்கள் வீட்டு யுபிஎஸ் ஒன்றும் செய்ய முடியாது, கனெக்ஷன் கொடுத்தவரைத்தான் பிடிக்க வேண்டும்.