அழுத்தத் தேக்கியை 'நீரியல் திரட்டி' ஆக்கியது யார்?

"நீரியல் திரட்டியை மாற்றும் முன், அதை வெளியேற்றி, சிறுநீர்ப்பையின் முன்கட்டணத்தைச் சரிபார்க்கவும்."

கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் ஒரு சி.என்.சி. மெஷினின் பராமரிப்புத் தாளில் உள்ள வாக்கியம் இது. எந்த நிறுவனத்துத் தாள் என்று சொல்லப்போவதில்லை. சிங்கப்பூரின் ஜூரோங், துவாஸ் வட்டாரப் பட்டறைகளில் இதன் அண்ணன் தம்பிகளை நிறையவே பார்த்தாயிற்று. சிறுநீர்ப்பையையும் முன்கட்டணத்தையும் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். உடம்பில் உள்ள பைக்கும் மெஷினில் உள்ள ரப்பர்ப் பைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், பிளாடர். வாயு ஏற்றுவதற்கும் காசு வாங்குவதற்கும் ஒரே சொல், சார்ஜ். கணினி தடுமாறியிருக்கிறது. படிக்கிற ஊழியர் எவரும் அதை நம்பி மெஷினுக்குக் கட்டணம் கட்டப்போவதில்லை. என் கோபமெல்லாம் ஹைட்ராலிக் அக்யூமுலேட்டருக்கு வைத்த 'நீரியல் திரட்டி' மேல்தான். பார்வைக்கு நல்ல தமிழ் போலவே இருக்கிறது. அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு ஒட்டிக்கொண்டு பரவுகிறது.

பொருளை முதலில் பார்ப்போம். ஜாப்பை, அதாவது வெட்டப்படும் உலோகத் துண்டை, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பல மெஷின்களில் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. பம்ப் ஓடி, அழுத்தம் 70 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் சீல்களிலும் வால்வுகளிலும் சொட்டுச் சொட்டாகக் கசிவு இருக்கத்தான் செய்யும். அந்த இழப்பை ஈடுகட்டி, பம்ப் ஓடாத நேரத்திலும் பிடி தளராமல் வைத்திருப்பது அக்யூமுலேட்டர். மின்சாரம் போனாலும் கட்டர் முன்னால் இருக்கும் ஜாப் பறக்காமல் இருப்பது பெரும்பாலும் இதன் புண்ணியம். உருண்டையாகவோ நீள்குடுவையாகவோ இருக்கும் ஓர் எஃகுக் கலம். உள்ளே ரப்பர்ப் பை, பைக்குள் நைட்ரஜன், பைக்கு வெளியே எண்ணெய். எண்ணெய் உள்ளே தள்ளப்படும்போது நைட்ரஜன் சுருங்கும். எண்ணெய் குறைந்தால் விரிந்து திருப்பித் தள்ளும். அவ்வளவுதான்.

அக்யூமுலேட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் குவியலைக் குறிக்கும் 'குமுலுஸ்'. வானத்துக் குமுலஸ் மேகமும் இதே குடும்பம். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் துறைமுகக் கிரேன்களுக்காகச் செய்த அக்யூமுலேட்டரில் ரப்பரும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. செங்குத்தான உருளைக்குள் நீர், அதன் மேல் பெரும் எடை ஏற்றிய தண்டு. லண்டன் டவர் பாலம் 1894இல் திறக்கப்பட்டபோது அதன் தட்டுகளைத் தூக்கியதும் இப்படி அழுத்தி வைத்த நீர்தான். 1976இல்தான் அங்கே எண்ணெயும் மின்சாரமும் வந்தன. ஆக, ஒரு காலத்தில் 'நீர்' என்று சொன்னதில் தப்பில்லை.

இன்றைக்குத் தப்பு. 'நீரியல்' மழை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராயும் துறை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் எவ்வளவு மழை சேரும் என்று கணக்கிடுபவர் நீரியல் வல்லுநர். நம் கிளாம்பில் ஓடுவதோ எண்ணெய். அதில் தண்ணீர் கலந்தால் வால்வு துருப்பிடித்து வேலை கெட்டுவிடும். 'நீரியல்' என்று எழுதியவர் அகராதியில் ஹைட்ராலிக்குக்குப் பக்கத்து வரியில் இருக்கும் ஹைட்ராலஜியைப் பார்த்து எழுதிவிட்டார் போலிருக்கிறது. ஹைட்ராலிக் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம். பட்டறையில் அதை அறியாத தமிழர் இல்லை.

இனி 'திரட்டி'. நிதி திரட்டுகிறோம், ஆள் திரட்டுகிறோம், பாலைக் காய்ச்சித் திரட்டுப்பால் செய்கிறோம். எங்கெங்கோ சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பதே திரட்டுதல். வலைப்பதிவு எழுதிய தலைமுறைக்குத் திரட்டி என்றால் தமிழ்மணம்தான். பல பதிவுகளின் தலைப்புகளை ஒரே பக்கத்தில் காட்டியது அது. அந்தப் பயன்பாட்டுக்கு அருமையான சொல், மாற்றவே கூடாது. இந்த எஃகுக் கலம் அப்படி எதைத் திரட்டுகிறது? எண்ணெய் சிதறியா கிடந்தது? அது முன்பும் அதே குழாயில்தான் இருந்தது. கலத்துக்குள் புதிதாகச் சேர்வது அழுத்தத்தின் ஆற்றல். 'திரட்டி' என்ற சொல்லில் அழுத்தத்தின் வாசனைகூட இல்லை. 'குவிப்பான்' என்று லத்தீன் வேரைப் பிடித்துத் தொங்கும் சொல்லுக்கும் இதே கதி. வேர்ச்சொல்லை மொழிபெயர்த்தால் கருவிக்குப் பெயர் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம் கலைச்சொல் ஆக்கத்தில் ஒரு தீராத நோய்.

வேறு சில தாள்களில் 'எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டி' என்றிருக்கிறது. எளிமை என்று இதை ஆதரிப்பவர்கள் உண்டு. எனக்கு 'நீரியல் திரட்டி'யைவிட இது ஆபத்தாகப் படுகிறது. ஒரு லிட்டர் கலத்தில் 60 பார் நைட்ரஜன் ஏற்றியிருக்கிறது, மெஷின் 70 பாரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 61ஐ 71ஆல் வகுத்தால் வாயு கிட்டத்தட்ட 860 மில்லி இடத்தைப் பிடித்திருக்கும். எண்ணெய்க்கு மிஞ்சுவது 140 மில்லி. இதற்குப் போய்த் தொட்டி என்று பெயரா? அதைவிட, தொட்டி என்றதும் மனிதன் என்ன செய்வான்? எண்ணெயை வடிப்பான், காலியாகிவிட்டது என்று நினைப்பான், ஸ்பானரை எடுப்பான்.

மாற்றும் வேலையில் ஆபத்து ஒளிந்திருப்பது இங்கேதான். முதலில் ஜாப்பை இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் அழுத்தம் இறங்கியதும் பிடியும் விடும். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டபின், வடிப்பு வால்வை மெதுவாகத் திறந்தால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் நிதானமாக இறங்கிக்கொண்டே வரும்: 70, 66, 62. பிறகு ஓரிடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். விழுவதற்குச் சற்று முன் முள் நின்ற இடம்தான் நைட்ரஜனின் நிரப்பு அழுத்தம், அதாவது எண்ணெய் வருமுன் பையில் ஏற்றி வைத்த அழுத்தம். மெதுவாக இறங்காமல் திறந்தவுடனேயே விழுந்தால் வாயு போய்விட்டது, பை கிழிந்திருக்கலாம். பம்ப் நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நிற்பதும் அந்த நோயின் அறிகுறிதான்.

முள் பூஜ்யத்தில் நிற்கிறது, சரி. பை நல்ல நிலையில் இருந்தால் உள்ளே இன்னும் 60 பார் நைட்ரஜன் இருக்கிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். கேஜ் காட்டியது எண்ணெய்ப் பக்கத்தை மட்டும். 'காலித் தொட்டி' என்று எண்ணி மேலே உள்ள வாயு வால்வில் கை வைப்பவரைக் காப்பாற்ற, பெயரிலேயே 'அழுத்தம்' இருக்க வேண்டாமா?

ஆகவே என் பரிந்துரை: அழுத்தத் தேக்கி. தேங்குவது தானாக நடப்பது, தேக்குவது நாம் செய்வது. ஓடிவருவதை மறித்து வைத்து, வேண்டும்போது திறந்துவிடுவது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் இயற்பியலில் மின்தேக்கி ஏற்கெனவே இருக்கிறது. மின்சுற்றில் மின்தேக்கி செய்யும் வேலையையே எண்ணெய்ச் சுற்றில் அக்யூமுலேட்டர் செய்கிறது. பொறியாளர்கள் கணக்குப் போடும்போதும் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் போடுகிறார்கள். பெயரும் ஒரு குடும்பமாக அமைந்தால் கற்பவருக்குச் சுமை குறையும். 'தேக்கம் என்றால் முடக்கம், பொருளாதாரத் தேக்கம் போல' என்று ஒரு நண்பர் வாதாடினார். நீர்த்தேக்கத்தை யாரும் முடங்கிய நீர் என்று சொல்வதில்லையே! 'சேமக்கலம்' அழகான சொல்தான். ஆனால் பழைய ஈய பேட்டரிக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம். இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் எதைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நான் தனித்தமிழ்ப் பிடிவாதக்காரன் இல்லை. பேச்சில் அக்யூமுலேட்டர் தாராளமாக இருக்கட்டும். புதுக்கோட்டையிலிருந்து வந்த தம்பியிடம் "அந்தத் தேக்கியைக் கழற்று" என்றால் முழிக்கத்தான் செய்வான். எழுத்தில் 'அக்யூமுலேட்டர் எனும் அழுத்தத் தேக்கி' என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழை வைத்திருக்கும் நாட்டில், தாளில் தமிழ் வரி இருந்தாலே போதும் என்று கட்டத்தை நிரப்பும் வழக்கம்தான் எரிச்சலூட்டுகிறது. வடிவமைப்பாளர் எழுத்துரு உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மொழிபெயர்ப்பாளர் எழுத்துப்பிழை பார்க்கிறார். அந்த மெஷினைத் தொட்ட ஒருவரிடம் தாளைக் காட்டிப் படிக்கச் சொல்பவர் மட்டும் இல்லை.

நிரப்பு அழுத்தத்துக்கு 'முன்னழுத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமான சொல்தான். ஆனால் வோல்ட்டுக்குரிய மின்னழுத்தத்துக்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எண்ணெய்க் கறை படிந்த தாளில் அந்த ஓரெழுத்து எங்கே தெரியப்போகிறது? 'நிரப்பு அழுத்தம்' கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

அந்த ரப்பர்ப் பைக்குச் 'சிறுநீர்ப்பை'யைத் திருத்தியவர்கள் இப்போது 'காற்றுப்பை' என்று போடத் தொடங்கியிருக்கிறார்கள். இதற்குச் சிறுநீர்ப்பையே மேல்! காற்றுப்பை என்று படித்தவர், பட்டறையில் கையெட்டும் தூரத்தில் இருக்கும் கம்ப்ரசர் ஹோஸை மாட்டிக் காற்றடிக்க நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. பை கிழிந்து, அழுத்தத்தில் சூடேறிய எண்ணெயோடு அது கலந்தால் வெடிக்கக்கூடும். நைட்ரஜனைத் தவிர வேறு எதையும் ஏற்றக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கலத்தின் மேலேயே எழுதுவது அதனால்தான். 'வாயுப்பை' என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, 'நைட்ரஜன் பை'.